இமாம் ஷாமில் (ரஹ்): தலைமை என்பது அமானத்

 

  

அமானத் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அமானத். நகையானாலும் ரகசியமானாலும் பதவியானாலும் அது நம்முடையது அல்ல. ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காகசஸ் மலைநாட்டில் இந்த அரபுச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழக்கில் இருந்தது. சமாதானப் பேச்சு நடக்கும்போது, வாக்கு மீறமாட்டோம் என்பதற்கு உத்தரவாதமாக எதிரியிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைக்கு அங்கே அமானத் என்று பெயர். ரஷ்யர்களும் அதே சொல்லையே பயன்படுத்தினார்கள்.

தலைமை என்ற அமானத்தை இருபத்தைந்து ஆண்டுகள் சுமந்து, அதற்காகத் தம் மகனையே அமானத்தாகக் கொடுத்த ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று பார்க்கப் போகிறோம். அவர்கள்தான் தாகெஸ்தானின் மூன்றாவது இமாம், அவார் இனத்தைச் சேர்ந்த ஷாமில் (ரஹ்) அவர்கள்.

மலைநாடும் பேரரசும்

கஸ்பியன் கடலுக்கு மேற்கே, காகசஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சரிவில் இருக்கிறது தாகெஸ்தான். மலைகளின் நாடு என்பதே அந்தப் பெயரின் பொருள். ஒரு பள்ளத்தாக்கில் பேசும் மொழி அடுத்த பள்ளத்தாக்கில் புரியாது. அவார், லெஸ்கி, தார்கின், லக், குமிக் என்று பல இனத்தார் வாழும் பூமி. அவர்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் அவார்கள். அவர்களின் கான்கள் குன்ஸாக் என்ற ஊரிலிருந்து ஆட்சி செய்தார்கள்.

இத்தனை மொழிகளுக்கும் நடுவே ஆலிம்களுக்கு ஒரு பொது மொழி இருந்தது. அது அரபி. கடிதம், ஒப்பந்தம், தீர்ப்பு, வரலாறு எல்லாமே அரபியில் எழுதப்பட்டன. அவர்கள் பின்பற்றியது ஷாஃபிஈ மத்ஹப். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும், அதற்கு ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையும் அந்தப் பனிமலை மத்ரஸாக்களில் ஓதப்பட்டன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதிய நம் முன்னோர்களும் அவர்களும் ஒரே கிதாபுகளின் மாணவர்கள்.

வடக்கே ரஷ்யப் பேரரசு தெற்கு நோக்கி விரிந்துகொண்டிருந்தது. 1803-ல் அவார் கான் ரஷ்யப் பேரரசரின் மேலாதிக்கத்தை ஏற்றார். 1813-ல் ஈரான் குலிஸ்தான் உடன்படிக்கையின்படி தாகெஸ்தான் மீதான தன் உரிமையை ரஷ்யாவுக்கு விட்டுக் கொடுத்தது. அந்த மலைகளில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1816-ல் தளபதி எர்மோலோவ் வந்தார். காடுகளை வெட்டிப் பாதை அமைப்பது, எதிர்த்த கிராமங்களைக் கொளுத்துவது, கோட்டைகளால் மலையைச் சுற்றி வளைப்பது, இதுவே அவருடைய முறை. 1818-ல் அவர் கட்டிய கோட்டைக்கு குரோஸ்னி என்று பெயர் வைத்தார். அச்சுறுத்துவது என்பது அதன் பொருள். இன்றைய செச்னியாவின் தலைநகரம் அதுதான்.

பிறப்பும் கல்வியும்

ஹிஜ்ரி 1212, அதாவது 1797-ஆம் ஆண்டு, கிம்ரி என்ற அவார் கிராமத்தில் ஷாமில் (ரஹ்) பிறந்தார்கள். செங்குத்தான பாறைகளுக்கு நடுவே பழத்தோட்டங்கள் நிறைந்த ஊர் அது. முதலில் வைத்த பெயர் அலீ. குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால், அந்த ஊர் வழக்கப்படி பெயரை மாற்றி ஷாமில் என்று அழைத்தார்கள். பிறகு அந்த நோயாளிப் பிள்ளை ஓட்டத்திலும் தாவலிலும் வாள்வீச்சிலும் ஊரில் யாரும் நிகரில்லாத இளைஞராக வளர்ந்தார்.

தந்தைக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அது மகனுக்குப் பெரும் மனவேதனை. தந்தை குடியை விடாவிட்டால் தாம் உயிர் வாழப் போவதில்லை என்று மகன் பிடிவாதமாக நிற்க, தந்தை அன்றே குடியை விட்டார் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டில் சில வயது மூத்த ஒரு நண்பர் இருந்தார். பெயர் காஸி முஹம்மத். இருவரும் சேர்ந்தே ஓதினார்கள். ஊர் ஊராகச் சென்று இலக்கணம், ஃபிக்ஹு, தஃப்ஸீர் கற்றார்கள். நக்ஷ்பந்தி தரீக்காவின் ஷைகு ஜமாலுத்தீன் காஸிகுமூகி (ரஹ்) அவர்களிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார்கள். பிற்காலத்தில் அந்த ஷைகின் மகள் ஸாஹிதத் அவர்களை ஷாமில் (ரஹ்) மணந்துகொண்டார்கள்.

அந்த மலைநாட்டில் தொழுகை இருந்தது, பள்ளிவாசல் இருந்தது. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் ஷரீஅத்தை ஓரம் வைத்துவிட்டு, ஆதத் என்ற முன்னோர் வழக்கத்தின்படி தீர்த்துக்கொள்வார்கள். ஒரு கொலை நடந்தால் பழிக்குப் பழி என்று தலைமுறை தலைமுறையாக இரத்தம் ஓடும். எனவே காஸி முஹம்மதின் அழைப்பு முதலில் தம் சொந்த மக்களை நோக்கியே இருந்தது. ஆதத்தை விடுங்கள், ஷரீஅத்துக்கு வாருங்கள் என்பதே அது. பிறகுதான் ரஷ்யர்களை எதிர்க்கும் போர் வந்தது.

கிம்ரியின் கோபுரம்

காஸி முஹம்மத் (ரஹ்) முதல் இமாமாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 1832 அக்டோபரில் ரஷ்யப் படை கிம்ரியைச் சூழ்ந்தது. ஒரு சிறு கட்டடத்துக்குள் சில முரீதுகளோடு கடைசிவரை போராடி காஸி முஹம்மத் (ரஹ்) ஷஹீதானார்கள்.

ஷாமில் (ரஹ்) உள்ளே இருந்தார்கள். வாசலில் துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். வாசற்படியிலிருந்து ஒரே தாவலில் அவர்களின் தலைக்கு மேலாகப் பாய்ந்து பின்னால் இறங்கினார்கள். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனைக் கத்தி மார்பைத் துளைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே அவனை வெட்டி வீழ்த்திவிட்டு, பாறைச் சரிவில் இறங்கி மறைந்தார்கள். அந்தக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆனது. உன்சுகுல் ஊரைச் சேர்ந்த மாமனார் அப்துல் அஸீஸ் நாட்டு வைத்தியர். அவர்தான் மூலிகை வைத்துக் காப்பாற்றினார்.

இரண்டாவது இமாம் ஹம்ஸத் பெக். 1834-ல் அவர் குன்ஸாக்கைச் சூழ்ந்தார். கான் இறந்தபின் அவருடைய மனைவி பாகு பீக்கே அங்கே ஆட்சி செய்துகொண்டிருந்தார். பேச்சு நடத்த முகாமுக்கு வந்த அவருடைய இரு மகன்களும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பிறகு அந்தத் தாயும் கொல்லப்பட்டார். ஏற்கெனவே பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த கடைசி மகன் புலாச் கான், சிறுவன். அவனும் பிழைக்கவில்லை. சில வாரங்களில், வெள்ளிக்கிழமையன்று பள்ளிவாசலுக்குள்ளேயே ஹம்ஸத் பெக்கைக் கானின் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவர் ஹாஜி முராத்.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. புலாச் கானின் மரணத்துக்கு, அப்போது பொறுப்பேற்ற ஷாமில் (ரஹ்) அவர்களையே வரலாற்றாசிரியர்கள் பொறுப்பாக்குகிறார்கள். நபிமார்கள் மட்டுமே பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள். மற்ற எவரையும் நேசிப்போம், மதிப்போம். அவர்களின் தவறை நன்மையாகச் சித்தரிக்க மாட்டோம். பேச்சுக்கு வந்தவரைக் கொல்வதும், கையில் இருக்கும் பணயச் சிறுவனைக் கொல்வதும் நம் மார்க்கத்தில் அமானத்துக்குச் செய்யும் துரோகம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே ஆண்டுகளில் ஷாமில் (ரஹ்) அவர்களே ஒரு தந்தையாக அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தது.

அகுல்கோ: மகனைக் கொடுத்த தந்தை

1834-ல் ஷாமில் (ரஹ்) மூன்றாவது இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வயது 37.

1839 கோடையில் தளபதி கிராப்பேயின் படை அகுல்கோ என்ற மலைக்கோட்டையை முற்றுகையிட்டது. மூன்று பக்கம் ஆறு வளைந்து ஓடும் செங்குத்துப் பாறை அது. ஏறத்தாழ 80 நாட்கள் பீரங்கிகள் ஓயவில்லை. உள்ளே போராளிகள் மட்டும் இல்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். உணவு தீர்ந்தது. ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் எடுப்பவர்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். அழுகிய உடல்களின் நாற்றம் மலையைச் சூழ்ந்தது.

பேச்சு நடத்த வேண்டுமானால் முதலில் மூத்த மகனை அமானத்தாகக் கொடுக்க வேண்டும் என்றார் கிராப்பே. ஷாமில் (ரஹ்) நெடுநாள் மறுத்தார்கள். கோட்டைக்குள் இருந்த மக்களின் நிலை தாங்க முடியாமல் போனபோது சம்மதித்தார்கள். பத்து வயதைத் தாண்டாத ஜமாலுத்தீன் ரஷ்ய முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

மகன் கையில் கிடைத்ததும் நிபந்தனை வளர்ந்தது. ஷாமில் (ரஹ்) அவர்களும் சரணடைய வேண்டும் என்றார்கள். பேச்சு முறிந்தது. மீண்டும் தாக்குதல். அகுல்கோ வீழ்ந்தது. இமாமின் மனைவி ஜவ்ஹரத்தும் கைக்குழந்தை ஸயீதும் அங்கே இறந்தார்கள். சகோதரி பாத்திமத் எதிரியின் கையில் சிக்காமல் ஆற்றில் விழுந்தார். ஷாமில் (ரஹ்) விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு, ஒரு மகனை முதுகில் சுமந்துகொண்டு, இரவில் பாறைகளின் வழியே தப்பினார்கள்.

மகன் போனான், மனைவி போனார், கோட்டை போனது. கதை முடிந்தது என்று ரஷ்யத் தளபதிகள் மேலிடத்துக்கு எழுதினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே செச்சென் மக்கள் கிளர்ந்தெழுந்து ஷாமில் (ரஹ்) அவர்களைத் தலைவராக ஏற்றார்கள். அவர்களின் ஆட்சி உண்மையில் அதன் பிறகுதான் விரிந்தது.

ஒரு மலைநாட்டு அரசு

அன்பானவர்களே! வீரத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். ஓர் ஆலிம், பல மொழி பேசும் மலைக் கூட்டங்களை ஒரே அரசாக எப்படிக் கட்டினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாயிபை நியமித்தார்கள். நாயிபின் வேலை படையும் நிர்வாகமும். தீர்ப்பு சொல்வது அவர் வேலை அல்ல. அதற்கு முஃப்தியும் காழிகளும் தனியாக இருந்தார்கள். நாயிபுகள் மக்களை வாட்டுகிறார்களா என்று பார்க்க முஹ்தஸிபுகள் சுற்றி வந்தார்கள். மேலே திவான் என்ற ஆலோசனை சபை. போரில் கிடைத்த பொருளில் ஐந்தில் ஒரு பங்கு பைத்துல்மாலுக்கு. பத்து வீடுகள் சேர்ந்து ஒரு குதிரை வீரரைப் பராமரிக்க வேண்டும். நிழாம் என்ற பெயரில் சட்டத் தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்தார்கள். மது தடை, புகையிலை தடை. பழிக்குப் பழி கொல்வது ஒழிக்கப்பட்டு வழக்குகள் காழியிடம் வந்தன.

அந்தச் சட்டங்களில் ஒன்று நம் காதில் விழ வேண்டியது. அங்கே பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் பெருந்தொகை கேட்பார்கள். கொடுக்க முடியாத இளைஞர்கள் திருமணமின்றி நின்றார்கள்; பெண்களும் வீட்டில் முதிர்ந்தார்கள். ஷாமில் (ரஹ்) அந்தத் தொகைக்கு மிகக் குறைந்த உச்சவரம்பை விதித்தார்கள். நம் ஊரில் கேட்கும் வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணீர் அதே கண்ணீர்.

1845-ல் புதிய ஆளுநர் வோரன்ஸோவ் இமாமின் தலைநகர் தார்கோவைப் பிடிக்கப் பெரும்படையோடு வந்தார். ஷாமில் (ரஹ்) ஊரைத் தாமே கொளுத்திவிட்டு விலகினார்கள். வெறும் சாம்பலைப் பிடித்த படை, திரும்பும் வழியில் காட்டுக்குள் சிக்கியது. மூன்று ஜெனரல்கள் உயிரிழந்தார்கள். இறந்தவர்களும் காயமுற்றவர்களுமாக ஏறத்தாழ 4,000 பேரை அந்தப் படை இழந்தது. அதன்பின் வேதெனோ தலைநகரமானது.

தாய்க்கு விதித்த தண்டனை

அந்த மலைகளில் இன்றும் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. ரஷ்யர்களின் தாக்குதலால் நொந்துபோன செச்சென் கிராமத்தார் சிலர், சரணடைய அனுமதி கேட்க விரும்பினார்கள். இமாமிடம் கேட்கப் பயம். சரணடைவதைப் பற்றி வாய் திறப்பவருக்குக் கசையடி என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். எனவே இமாமின் வயதான தாயிடம் சென்று சிபாரிசு கேட்டார்கள். இரக்க மனம் கொண்ட தாய் மகனிடம் பேசினார்.

ஷாமில் (ரஹ்) பள்ளிவாசலுக்குள் சென்று தொழுகையிலும் துஆவிலும் மூழ்கினார்கள். மூன்று நாள் கழித்து வெளியே வந்து, தீர்ப்பு நூறு கசையடி என்றும், அதைப் பெற வேண்டியவர் தம் தாய் என்றும் அறிவித்தார்கள். ஐந்தாவது அடியில் தாய் மயங்கினார். ஷாமில் (ரஹ்) தம் மேலாடையைக் களைந்துவிட்டு, மீதி 95 அடிகளையும் தம் முதுகில் வாங்கிக்கொண்டார்கள். தூது வந்தவர்களை ஒன்றும் செய்யாமல், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வாய்வழியாக வந்த செய்தி இது. தாயைத் தண்டிப்பதற்கு யாரும் இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக ஏன் சொல்லி வருகிறார்கள் என்று யோசியுங்கள். சட்டம் தன் வீட்டு வாசலுக்கு வரும்போது பெரியவர்கள் வழி விலகுவதைத்தான் மக்கள் எங்கும் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் முதுகைக் காட்டினார்கள் என்பதுதான் மறக்க முடியாமல் போனது.

சறுக்கிய இடங்கள்

இந்த அரசு ஏன் வீழ்ந்தது? எதிரியின் பலம் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அல்ல.

1848-ல் ஷாமில் (ரஹ்) தம் மகன் காஸி முஹம்மதைத் தமக்குப் பின் இமாம் என்று அறிவிக்கச் செய்தார்கள். இறந்துபோன நண்பரின் பெயரை மகனுக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நண்பர் இமாமானது தந்தை வழியில் அல்ல. ஆலிம்களும் பெரியவர்களும் தேர்ந்தெடுத்ததால். இந்த அறிவிப்பு மூத்த நாயிபுகள் பலருக்குக் கசந்தது. அவர்களில் முக்கியமானவர் ஹாஜி முராத். முன்பு எதிரியாக இருந்து, பிறகு இமாமின் மிகச் சிறந்த தளபதியாக விளங்கியவர். பிளவு முற்றி 1851-ல் அவர் ரஷ்யர்களிடம் போனார். அங்கும் இருக்க முடியாமல் தப்ப முயன்று 1852-ல் கொல்லப்பட்டார். டால்ஸ்டாய் எழுதிய கடைசி நாவல்களில் ஒன்று அவரைப் பற்றியதுதான்.

நாயிபுகள் பலர் செல்வந்தர்களானார்கள். பஞ்சத்திலும் போரிலும் மக்கள் வாடும்போது, அதிகாரிகள் அபராதம் வசூலித்தார்கள். புகார்கள் இமாமின் காதுக்கு வந்து சேர்வதற்குள் வழியிலேயே நின்றன.

1854-ல் ஜார்ஜியாவின் ஸினந்தலியில் இருந்த ஒரு பிரபுவின் மாளிகையை மகன் காஸி முஹம்மதின் படை தாக்கியது. ஆன்னா சாவ்சவாத்ஸே, வர்வாரா ஓர்பெலியானி என்ற இரு இளவரசிகளும் குழந்தைகளும் பணிப்பெண்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். வேதெனோவில் இமாமின் வீட்டில் அவர்களின் மானம் காக்கப்பட்டது உண்மை. அங்கே போகும் வழியில், குதிரை மேல் கை சோர்ந்த ஒரு தாயின் பிடியிலிருந்து கைக்குழந்தை விழுந்து இறந்ததும் உண்மை. ஒரு தந்தை தம் மகனை மீட்க நினைத்ததில் இன்னொரு தாய் தன் குழந்தையை இழந்தாள்.

திரும்பி வந்த மகன்

1855 மார்ச் மாதம் மிச்சிக் ஆற்றங்கரையில் கைமாற்றம் நடந்தது. இளவரசிகளுக்கு ஈடாக 40,000 ரூபிளும் ஜமாலுத்தீனும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தலைநகரில் பேரரசரின் கவனிப்பில் வளர்ந்து, ராணுவப் பள்ளியில் படித்து, ரஷ்யக் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர் ஜமாலுத்தீன். தாய்மொழியான அவார் மொழியை மறந்துவிட்டார். ரஷ்யச் சீருடையைக் களைந்து மலைநாட்டு உடை அணிந்த பிறகே தந்தையின் முன் வந்தார். ஷாமில் (ரஹ்) மகனைக் கட்டியணைத்து அழுதார்கள். போர்க்களத்தில் அழாத கண்கள்.

மகன் வீட்டுக்கு வந்தார், ஆனால் எந்த வீட்டுக்கும் சொந்தமாக இருக்க முடியவில்லை. ரஷ்யாவின் பலத்தை நேரில் கண்டவர் என்பதால் சமாதானம் செய்துகொள்ளும்படி தந்தையிடம் வாதாடினார். தந்தை கேட்கவில்லை. ஜமாலுத்தீனைக் காசநோய் பிடித்தது. ஷாமில் (ரஹ்) எதிரியின் முகாமுக்கு ஆள் அனுப்பி ரஷ்ய மருத்துவரை வரவழைத்தார்கள். பலனில்லை. 1858-ல் மகன் வஃபாத்தானார்.

குனிப்: வாளைக் கீழே வைத்த நாள்

கிரிமியப் போர் 1856-ல் முடிந்தது. உஸ்மானிய, ஆங்கிலேய உதவி வரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. ரஷ்யா தன் முழு பலத்தையும் காகசஸ் பக்கம் திருப்பியது. புதிய ஆளுநர் பார்யாதின்ஸ்கி பணத்தையும் பீரங்கியையும் சேர்த்தே பயன்படுத்தினார். 1859 ஏப்ரலில் வேதெனோ வீழ்ந்தது. பெரிய நாயிபுகள் ஒவ்வொருவராக எதிரியிடம் போனார்கள். குனிப் மலையை நோக்கிச் செல்லும்போது, தாம் ஆண்ட மக்களே வழிமறித்து இமாமின் கருவூலத்தையும் கிதாபுகளையும் கொள்ளையடித்தார்கள்.

குனிப் உச்சியில் ஏறத்தாழ 400 பேர். கீழே பல்லாயிரம் பேர் கொண்ட படை. 1859 செப்டம்பர் தொடக்கத்தில், ரஷ்ய நாட்காட்டியின்படி ஆகஸ்ட் 25 அன்று, அந்தப் படை ஊருக்குள் ஏறி வந்துவிட்டது. ஷாமில் (ரஹ்) ஷஹாதத்துக்குத் தயாராக இருந்தார்கள். ஆனால் பிள்ளைகளும் பெண்களும் உள்ளே இருந்தார்கள். அகுல்கோவில் என்ன நடந்தது என்பது அவர்களை விட யாருக்குத் தெரியும்? மகன்கள் கெஞ்சினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக, சரணடைதல் என்ற சொல்லையே தடை செய்திருந்த இமாம் குதிரையேறி வெளியே வந்தார்கள். மரத்தோப்பில் ஒரு கல்லின் மேல் பார்யாதின்ஸ்கி அமர்ந்திருந்தார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது.

அன்று முதல் இன்று வரை சிலர் கேட்கிறார்கள்: கடைசி மூச்சுவரை போராடியிருக்க வேண்டாமா? மூத்தா போரை நினைத்துப் பாருங்கள். மூன்று தளபதிகள் ஷஹீதான பிறகு கொடியை ஏந்திய காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், மூவாயிரம் பேரின் உயிரைக் காத்து மதீனாவுக்கு அழைத்து வந்தார்கள். ஓடி வந்தவர்கள் என்று மதீனாவில் சிலர் ஏசினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த ஏச்சை ஏற்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட உயிர்களும் அமானத்தே. தம் புகழுக்காக அவற்றைச் செலவழிக்கும் உரிமை தலைவருக்கு இல்லை. இதற்காக ஷாமில் (ரஹ்) தம் பெயரைப் பணயம் வைத்தார்கள்.

கலூகாவிலிருந்து மதீனா வரை

கொல்லப்படுவோம் அல்லது சைபீரியாவுக்கு அனுப்பப்படுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்தார்கள். பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டர் மரியாதையோடு வரவேற்றார். மாஸ்கோவுக்குத் தெற்கே கலூகா என்ற ஊரில் வீடும் உதவித்தொகையும் கொடுத்துக் குடும்பத்தோடு குடியமர்த்தினார்கள். கிடைத்த பணத்தை இமாம் தெருவில் கண்ட ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பது, கண்காணிப்பு அதிகாரிக்குப் பெரும் தலைவலியாக இருந்தது.

1860-ல் டமாஸ்கஸில் கலவரம் வெடித்தபோது, அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிர் (ரஹ்) ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் கலவரக்காரர்களிடமிருந்து காப்பாற்றினார்கள். அந்தச் செய்தி கலூகாவை எட்டியது. ஷாமில் (ரஹ்) அவர்களைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். கிறிஸ்தவப் பேரரசுகளோடு ஆயுள் முழுக்கப் போரிட்ட இருவர், நிரபராதிகளைக் காப்பதே நபிவழி என்பதில் ஒன்றாக நின்றார்கள்.

குளிரும் ஈரமும் மலைநாட்டு உடல்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தில் பலர் நோயால் இறந்தார்கள். 1866-ல் ஷாமில் (ரஹ்) பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். அவர்களின் ஒரே ஆசை ஹஜ். பல ஆண்டுகள் கேட்ட பிறகு 1869-ல் அனுமதி கிடைத்தது. மூத்த மகன் காஸி முஹம்மத் உடன் செல்லவில்லை, ரஷ்யாவிலேயே இருத்தப்பட்டார். மறுபடியும் ஒரு மகன் அமானத்.

இஸ்தான்புல்லில் சுல்தான் அப்துல் அஸீஸ் வரவேற்றார். 1870-ல் ஹஜ் நிறைவேறியது. பிறகு மதீனாவில் தங்கினார்கள். 1871 பிப்ரவரியில், ஹிஜ்ரி 1287-ல், நபி (ஸல்) அவர்களின் நகரத்திலேயே வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அரசு இல்லை, படை இல்லை, கருவூலம் இல்லை. சுமந்ததையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, கஃபனோடு போனார்கள்.

நமக்கான பாடம்

அருமைச் சகோதரர்களே! நம்மில் யாரும் கோட்டை காக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஓர் அமானத் இருக்கிறது. ஒருவரிடம் பள்ளிவாசலின் வக்ஃபுக் கணக்கு. இன்னொருவரிடம் மத்ரஸாவின் நிர்வாகம். மற்றொருவரிடம் அண்ணன் பிள்ளைகளின் சொத்துப் பத்திரம். நம் எல்லோரிடமும் ஒரு குடும்பம்.

ஷாமில் (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை வைத்து நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். ஊருக்கு நாம் சொல்லும் சட்டம் நம் வீட்டுத் திருமணத்தில் நடக்கிறதா? நமக்குப் பின் இந்தப் பொறுப்பு தகுதியுள்ளவருக்குப் போகுமா, அல்லது நம் பிள்ளைக்குப் போக வழி செய்து வைத்திருக்கிறோமா? இறக்கி வைக்க வேண்டிய நேரம் வந்தால், நம் கௌரவத்தை விட மக்களின் நலனைப் பெரிதாக நினைத்து இறக்கி வைப்போமா?

முதல் கேள்வியில் அவர்கள் வென்றார்கள். இரண்டாவதில் சறுக்கினார்கள், அதன் விலையை அவர்களின் நாடு கொடுத்தது. மூன்றாவதில் தம் வாழ்வின் மிகக் கசப்பான முடிவை எடுத்தார்கள், அதனால் பல வீடுகளில் பிள்ளைகள் உயிரோடு வளர்ந்தார்கள்.

யா அல்லாஹ்! உன் பாதையில் உழைத்த இமாம் ஷாமில் (ரஹ்) அவர்களின் நற்செயல்களை ஏற்றுக்கொள்வாயாக! அவர்களின் பிழைகளை மன்னிப்பாயாக! அந்தப் போர்களில் குற்றமின்றி உயிரிழந்த குழந்தைகளின் பெற்றோருக்கு நீயே நீதி வழங்குவாயாக! எங்கள் கைகளில் நீ ஒப்படைத்த அமானத்துகளைக் குறைவின்றித் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.